முழங்கைக்கு ஓர் அளவு

லாரி மோதி நொறுங்கிய பியூலாவின் வலது முழங்கை இனி மடங்காது, நீளாது. தகடு வைத்து ஒரே நிலையில் இறுக்கிவிட வேண்டும் என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். எந்த நிலையில் என்பதை இன்று முடிவு செய்ய வேண்டும்.

"கை வாய்க்கு எட்டுற மாதிரி மடக்கி வச்சிடுறேம்மா. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"மணிக்கட்டு திரும்புமா சார்?"

"திரும்பும்."

"தோளு?"

"அது கிண்ணத்துல உருளுற பந்து மாதிரி. எல்லாப் பக்கமும் சுத்தும்."

"அப்பக் கீழ வாங்க."

பதினோரு வருடமாக அவள் ஓட்டிய ஆட்டோவை, தங்கை ஜெபா ஆள் வைத்து மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். பியூலா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, நல்ல கையால் இடப்பக்கப் பிடியைப் பற்றினாள்.

"இந்தக் கைய அளங்க சார். ஆக்சிலேட்டர் பிடிக்க வலது கையும் இதே அளவுல நிக்கணும்."

ஜெபா குறுக்கே வந்தாள். "அக்கா, அப்பச் சோறு? காலம் பூரா இடக்கையாலயா திங்கப் போற?"

"ஓட்டுனாத்தானடி சோறு."

டாக்டர் அவள் இடது முழங்கையில் கோணமானியைப் பொருத்தினார். "நூத்திப்பத்து டிகிரி. நல்லா யோசிச்சுக்கோம்மா, இறுக்கிட்டா மாத்த முடியாது."

பியூலா பிடியை விட்டாள். யோசித்தாள். இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, மறுபடியும் பற்றினாள்.

"இப்ப அளங்க. நான் சாஞ்சு உக்காந்துதான் ஓட்டுவேன்."

டாக்டர் தரையில் மண்டியிட்டு மறுபடி அளந்தார்.