ஏழாம் நம்பர் மலை

தெரணியகலைத் தோட்டத்தில் காடேறிக் கிடந்த தேயிலை மலைகளைக் குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் தோட்ட நிர்வாகி இரத்தினசபாபதி துரை.

"உனக்கு ஏழாம் நம்பர் மலை. மற்ற மலைகளைவிடக் குத்தகை இரட்டிப்பு."

"அம்புட்டுக் கட்ட முடியாதுங்க தொர. கொஞ்சம் கொறைங்க," என்றாள் தோட்டத் தொழிலாளி பவளராணி.

"ஏலாது! எல்லைக்குள்ள இருக்கிற கல்லும் புல்லும்கூட இனி உன்ரைதானே!"

"ஒருக்கா வந்து எல்லையப் பாத்துருங்களேன்."

"அட்டைக்கடி வாங்கவோ? எனக்கு வரைபடம் போதும். ஒப்பத்தை வை!"

அவள் கையெழுத்திட்டாள். துரை கம்பீரமாக முத்திரை குத்தினார்.

"அப்ப, பங்களா வாடகையைப் பேசுவோமா தொர?"

"எந்தப் பங்களா?"

"நீங்க குடியிருக்கிறதுதாங்க. அது ஏழாம் நம்பர் மலையிலதானே இருக்கு!"

துரை வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"அம்மா, நாய் வளர்க்க விடுவியளோ?"