நெஞ்சுக்குள் ஒரு மோட்டார்

"பம்புசெட்டு மோட்டாருக்கே மாசத்துக்கு ரெண்டு தபா காயிலு எரியுது. நெஞ்சுக்குள்ள வெக்கிற மோட்டாரு எரிஞ்சா எவன் வந்து காயிலு கட்டுவான்?"

நாகப்பன் கட்டிலில் உட்கார்ந்தபடியே போட்ட சத்தம் பென்னலூரில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

"அது மோட்டாரு இல்லீங்க, பேஸ்மேக்கரு. நெஞ்சு தூங்குனா தட்டி எழுப்புமாம்" என்றாள் மனைவி சரோஜா, நூறாவது முறையாக.

"கரண்டு போனா?"

"பேட்டரிங்க."

"ரேடியோ பேட்டரியே மழைக்காலத்துல கசியுது."

அந்த எண்பத்தெட்டாம் வருஷத்தில், நெஞ்சைப் பிளந்து பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டு மெட்ராஸிலிருந்து திரும்பிய ஒரே பென்னலூர்க்காரர் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தையல் ஆறிவிட்டது. ஆனால் நாடி திடீர் திடீரென்று இறங்கி, இரண்டு முறை வரப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அடுத்த முறை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷின் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, காசு வேண்டாம், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு நோயாளிக்கு வைத்துவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார்.

இன்று ஞாயிறு. மனுஷரோ சகுனம் பார்க்காமல் பம்புசெட் சுவிட்சைக்கூடப் போடாதவர். போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, பூனை குறுக்கே போனதென்று பஸ் ஸ்டாப்பிலிருந்தே திரும்பிவிட்டார்.

"சரோஜா, வூடு இதானா?"

வாலாஜாபாத் பஸ்ஸில் இறங்கி வந்த கிளியம்மாள் வாசலில் நின்றாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலை கொள்ளாத மல்லிகை. நாகப்பனுக்கு முகம் மலர்ந்தது.

"ஆஸ்பத்திரியில பழக்கமான அக்காங்க. இவங்க வூட்டுக்காரருக்கும் மிஷினு வெச்சாங்க" என்றாள் சரோஜா.

"அப்படியா? ஒக்காரும்மா தங்கச்சி. சத்தம் போடுமா அது?"

"மூச்சு வுடாதுண்ணே. தோலுக்கு அடியில தீப்பெட்டி கணக்கா தட்டுப்படும், அவ்ளோதான்." கிளியம்மாள் சரோஜா பக்கம் திரும்பிச் சிரித்தாள். "மொதல்ல என் கை அது மேல பட்டா வெடுக்குனு இழுத்துக்குவேன். அப்பால அது மேல கை வெக்காம எனக்குத் தூக்கமே வராது."

"வேலைக்குப் போவலாமா?"

"மூணாம் மாசமே கம்பெனிக்குப் போனாரு. நைட் ஷிப்டு, அதுக்கு மேல ஓவர்டைமு வேற. லைன்ல சின்னப் பசங்க ஒக்காந்துடுவானுங்க, இவரு நிப்பாரு. சூப்பர்வைசரே கேட்டாராம், யோவ், உள்ள இன்னாய்யா ஓடுதுன்னு."

நாகப்பன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. பிறகு தயங்கித் தயங்கி, மனசை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஆடி மாசம் சாமி தூக்கலாமா?"

"போன ஆடிக்குத் தூக்குனாரே. மிஷினு எடது பக்கம், அதனால வலது தோளக் குடுத்தாரு."

நாகப்பன் எழுந்தே நின்றுவிட்டார். வலது தோளைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு தபாகூட நின்னது இல்லயா?"

கிளியம்மாள் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டாள். "மிஷினு நின்னதே இல்லண்ணே."

"சரோஜா, துணிமணி எடுத்து வை. காலையில மொத பஸ்சு. நெத்தி நெறைய பொட்டும் தல நெறைய பூவுமா தேடி வந்து சொல்லுது, இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்?" என்றவர், பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் சுப்பிரமணி, இந்த ஆடிக்கு சாமி தூக்க நான் வரேன், எடம் வுடு."

"வூட்டுக்காரரையும் ஒரு நாளு இட்டுக்கினு வாம்மா, பாக்கணும்" என்று கிளியம்மாள் பக்கம் திரும்பினார்.

"காப்பி நல்லா இருந்துது சரோஜா" என்று டம்ளரை வைத்துவிட்டுக் கிளியம்மாள் எழுந்தாள்.

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்த சரோஜா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"பொட்டில்லாம வந்திருந்தீங்கன்னா அவரு மூஞ்சி குடுத்தே பேசியிருக்க மாட்டாருக்கா. உங்கள இப்படி வேஷம் கட்ட வெச்சிட்டேனே."

"இருக்கட்டும் வுடு." கிளியம்மாள் பூவை எடுத்து அவளிடம் கொடுத்தாள். சரோஜா அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கிளியம்மாள் முந்தானையால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள்.

"லாரி அடிச்சு மனுஷன் போய்ட்டாரு. எரிக்கறதுக்கு முன்னாடி மிஷினை எடுத்தாவணும்னாங்க. வேற யாருக்காச்சும் வெய்யுங்கன்னு நான்தான் டாக்டரு கையில குடுத்தேன். நாளைக்கு அது உங்க வூட்டுக்காரரு நெஞ்சுக்குப் போவுது. ஆபரேஷன் முடிஞ்சப்பால, அந்த எடத்துல ஒரே ஒரு தபா என்னைக் கை வெக்க வுடச் சொல்லு சரோஜா. நான் தூங்கி ரெண்டு மாசம் ஆவுது."