நான்கு மடங்கு

குளுக்கோஸ் ஸ்டாண்டு குறுக்கே நின்றதால், எக்ஸ்ரே கருவியை வழக்கத்தைவிட இருமடங்கு தள்ளி நிறுத்தினான் சிபி. கதிர்வீச்சையும் இருமடங்காக்கினான். எக்ஸ்ரே படிப்பில் வகுப்பின் முதல் மாணவன், உடன் படிக்கும் பூவிழிக்கு நிச்சயிக்கப்பட்டவன். நெஞ்சுப் படம் வெளிறி வந்தது.

“மூச்சைப் பிடிக்கச் சொன்னா விட்டுட்டியாய்யா?” என்று படுத்திருந்த பெரியவர்மேல் எரிந்து விழுந்தான்.

“தூரம் ரெண்டு மடங்குன்னா கதிர் நாலு மடங்கு வேணும். அவர்மேல ஏன் பழி போடுறே?” என்றாள் பூவிழி.

“கல்யாணத்துக்கப்புறமும் இப்படித்தான் கணக்குப் பாப்பீங்களா, மேடம்?” என்று கண்சிமிட்டினான்.

“என் தப்புதான் தம்பி, இன்னொரு தரம் எடுங்க” என்று பெரியவர் கைகூப்பினார். அதைப் பார்த்தும் சிரிக்கிற சிபியின் வாய் பூவிழிக்கு அருவருப்பாக இருந்தது. அவனிடமிருந்து ஸ்விட்சைப் பிடுங்கி, கதிரை நான்கு மடங்கு வைத்து அழுத்தினாள்.

“தப்பு உங்களோடது இல்லைங்கய்யா” என்றவள், சிபியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “உங்கம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்.”

“எதை?” என்றான் அவன், இன்னும் சிரித்துக்கொண்டே.