ஆறாம் நாள் சூப்

தோல் பிரிந்து, உடல் உப்பி, நிறம் செத்துக் கிடந்தது அது. மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் சற்றுக் குனிந்து பார்த்தார். சந்தேகமே இல்லை, நேற்றைப் போலவே இன்றும் சாசேஜ்.

ஒரே நீளத்தில் வெட்டப்பட்ட அந்த இறைச்சிக் குழல் துண்டுகள் சூப்பில் கொழுப்புப் படலத்தின் கீழே மிதந்தன. அவற்றைச் சுற்றிலும், குளத்தடியிலிருந்து வாரியெடுத்த பாசியைப் போலக் கீரை சுருண்டிருந்தது. அந்த ஆவி முகத்தில் அடித்ததும் அவர் மூடியும் கையுமாகப் பின்வாங்கினார்.

"மூடியைத் தொடாதீங்கன்னு சொன்னேனே மாமா," என்றபடி மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஒரு முறை மூடியைத் தூக்கினால் அரை மணி நேரச் சூடு வீணாகிவிடும் என்பது அவர் கட்சி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் நாள் முழுக்க மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் போட்டு, குமிழைத் திருகி வைத்துவிட்டுப் போவார். மாலையில் வந்து கரண்டியை எடுப்பார்.

"சூடு போனாப் போகட்டும் மாப்பிள்ளை, உயிர் போகாம இருந்தாச் சரி," என்றார் மாமனார்.

அவர் பிஸ்கட் ஆலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தரம் பார்த்தவர். ஓரம் கருகியதையும் மூலை உடைந்ததையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒதுக்கித் தள்ளிய விரல்கள் அவருடையவை. ஓய்வு பெற்ற பின் அந்த விரல்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான் மிஞ்சியது. கீரையில் காம்பு அகப்பட்டால், அதைத் தட்டின் விளிம்பில் அடுக்கி, மனைவியின் கண்ணில் படும்படி தட்டைத் திருப்பி வைப்பார். நன்றாக இருக்கிறது என்று வாய் தவறியும் சொன்னதில்லை.

சென்ற வாரம் விளிம்பில் ஏழு காம்புகள் சேர்ந்தன. மனைவி அடுப்பை அணைத்தாள். "நல்லா இருக்குன்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் இந்த வீட்டுல நான் சமைக்கப்போறதில்லை," என்றாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவளாக அழைக்காமல் திரும்புவதில்லை என்பது சபதம். மகள் பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் சென்றிருக்கிறாள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. சமையலறை மாப்பிள்ளையின் கையில் இருந்தது.

இன்று ஆறாம் நாள். கைப்பேசி ஒரு முறைகூட ஒலிக்கவில்லை.

மாப்பிள்ளை கிண்ணத்தை நிரப்பி முன்னால் வைத்தார். முதல் கரண்டியிலேயே காம்பு அகப்பட்டது. கட்டைவிரல் நீளம்; எட்டு மணி நேரம் வெந்தும் நார் நாராகவே இருந்தது. பல்லிடுக்கில் சிக்கியதன் நுனியைப் பிடித்து இழுத்தார். அது தொண்டைக்குள்ளிருந்து வருவதைப் போல வந்துகொண்டே இருந்தது.

லிப்ட் பழுதுபார்க்கிறவர் மாப்பிள்ளை. ஸ்பேனர்களைத் துணியால் துடைத்து, அளவு வாரியாக மாட்டி வைப்பவர். சாசேஜை அளவுகோல் வைத்தாற்போல வெட்டத் தெரிந்த மனிதருக்குக் கீரைக் காம்பைக் கிள்ளத் தெரியவில்லையே என்று மாமனார் நொந்துகொண்டார். அந்த மனிதரும் ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீராக, மருந்து குடிப்பதைப் போலத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேற ஏதாவது பாருங்களேன்."

"நாளைக்கும் இதேதான் மாமா. உடம்புக்கு நல்லது. சாசேஜ் இன்னும் ரெண்டு கிலோ வாங்கி வெச்சிருக்கேன்."

மாமனார் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். படுக்கையறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். ஏப்பம் ஒன்று வந்தது. அதில் சாசேஜும் கீரையும் மறுபடி எழுந்து வந்தன. சபதம் அங்கேயே செத்தது.

"நான்தான்," என்றார்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி.

"உன் சமையல்..." தொண்டையைச் செருமினார், நார் இன்னும் அங்கேதான் இருந்தது. "நல்லா இருக்கும். எப்பவுமே நல்லாத்தான் இருந்துது. நான்தான் சொன்னதில்லை."

"காம்பு கிடந்தாலுமா?"

"கிடந்தாலும்."

"கிளம்பி வாங்க," என்றாள். அவள் குரல் கம்மியிருந்ததோ, சிரிப்பை அடக்கியதோ, அவருக்குப் பிடிபடவில்லை.

ஐந்தே நிமிடத்தில் பை தயாராகிவிட்டது. இவ்வளவு அவசரமாகப் போக வேண்டுமா என்று மாப்பிள்ளை இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்பதற்குள் மாமனார் லிப்டுக்குள் இருந்தார். தெருவில் இறங்கிக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்த பிறகுதான் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது.

திரும்பி மேலே சென்றார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாப்பிள்ளை மேசை முன் அமர்ந்து, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, தம் கிண்ணத்திலிருந்து காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாமா கிளம்பிட்டார், நாளையிலேருந்து நான் காம்பைக் கிள்ளிடலாமா?"