சார்ஜ் ஏறும் வரை

பட்டுப்புடவை விற்கும் கமலவேணியின் போன் சார்ஜ் இல்லாமல் அணையப் போகிறது. முகூர்த்தப் புடவை பார்க்கப் பெண் வீட்டார் எந்த நேரமும் வீடியோவில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். பேருந்து நிலையச் செல்போன் கடையில், வெயிலில் மினுங்கும் பொன்னிறப் பின்னல் சார்ஜர் கேபிளைச் சரிகை பார்ப்பதுபோல நகத்தால் சுரண்டுகிறாள். “இன்னாக்கா, பட்டுப்புடவையா எடுக்கிறே? அது மினுக்கும், மெதுவாத்தான் ஏறும். இந்தக் கறுப்பு வேகம், விலையும் கம்மி” என்கிறான் கடைக்கார ஜோசுவா. “சைக்கிள் டியூப் மாதிரி இருக்குதேபா!” கால் மாற்றி மாற்றி நிற்கிறாள். கடைசியில் கறுப்பையே வாங்கி மேசையோரப் பிளக்கில் செருகுகிறாள். உடனே அழைப்பு வருகிறது. கேபிள் குட்டை, நிமிர முடியவில்லை. “முந்தானையைக் காட்டுங்க” என்கிறது போன். குனிந்தபடியே பையிலிருந்து அரக்குப் புடவையை உருவி மேசையெங்கும் விரிக்கிறாள். ஜோசுவா அவசரமாகத் தன் டீ கிளாஸைத் தூக்கிக்கொள்கிறான்.