இரண்டு கல்லில் ஒன்று, மூன்று கல்லில் ஒன்று

ஐப்பசி அடைமழை மூன்று நாளாகச் சோழநாட்டை நனைத்துக்கொண்டிருந்தது. வானம் தாழ்ந்து, காவிரி கலங்கி, கோபுரங்கள் நீர்த்திரைக்குள் மௌனமாய் நின்றன. கும்பகோணத்தில் கூடிய கணித ஆசிரியர் மாநாட்டுக்கு மங்கையர்க்கரசி ஒரு தாளும் ஒரு படிவமுமாக வந்திருந்தாள்.

பிழையை எழுதும்போதே திருத்திவிடும் பேனாக்கள் பள்ளிகளுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நேற்றுப் பேனா மழையில் நனைந்து நின்றுபோக, அவள் மாணவி அல்லி அந்தத் தாளில் பென்சிலால் எழுதினாள்: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. பிழை செய்த பிள்ளையைத் தனிவகுப்புக்கு அனுப்புவது விதி. மாலைக்குள் மங்கையர்க்கரசி அதற்கான படிவத்தில் கையொப்பமிட வேண்டும்.

பயிலரங்கில் தாள் கைமாறியது. விடை ஆறில் ஐந்து என்று நாற்பது பேருக்கும் தெரிந்தது. பிழை எங்கே பிறந்தது என்று, பன்னிரண்டு ஆண்டாய்ப் பிழையையே காணாத அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"பேனாவுக்குத்தானே ஜலதோஷம், பிள்ளைக்குமா?" என்று ஒருவர் சிரித்தார்.

"பிள்ளையக் கேட்டீங்களா, டீச்சர்?" என்றார் பக்கத்திலிருந்த சவரிமுத்து.

அவள் திடுக்கிட்டாள். கேட்கத் தோன்றவே இல்லை. அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி, கைபேசியில் அல்லியை அழைத்தாள்.

"புளியங்கா அடிச்சேன், டீச்சர். முதல்ல ரெண்டு கல்லுல ஒண்ணு பட்டுச்சு. அப்புறம் மூணு கல்லுல ஒண்ணு. ஆக அஞ்சு கல்லுல ரெண்டுதானே?"

சிரித்தவர் தலைகுனிந்தார்.

மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள் என்று தெரிந்தும் மங்கையர்க்கரசி படிவத்தைக் கிழித்தாள். தாளைக் கண்களில் ஒற்றி, மேடைக் குத்துவிளக்கின் அடியில் வைத்துக் கைகூப்பினாள்.

"டீச்சர், கணக்கு சரியா?" என்றது கைபேசியில் அல்லியின் குரல்.

"தப்புதான், தாயி. நாளைக்கு ரெண்டு பேருமா உட்கார்ந்து பார்ப்போம். நீ நல்லா இருக்கணும்."