மண்டபத்தில் ரிப்பேர்

"கக்கூஸ் ரிப்பேருங்க மேடம். அதனாலதான் அந்தக் கல்யாணத்துக்கு மண்டபம் குடுக்க முடியலைங்க," என்றார் சசிதர். சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கை வேர்த்துக் கொட்டியது.

சூலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் மேனேஜர். தேதி கொடுத்துவிட்டு, எந்தத் தெரு என்று தெரிந்ததும் சாதி பார்த்துக் கையை விரித்துவிட்டார் என்று ஐயாசாமி என்பவர் வழக்குப் போட்டிருந்தார். அவருடைய வக்கீல் கிருபாதான் இப்போது குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள்.

"கக்கூஸ் ரிப்பேர்னா தாலி கட்டறதுக்கு என்னங்க? மாப்பிள்ளைய அங்கயா உக்கார வெப்பீங்க?"

கோர்ட்டே சிரித்தது. டவாலிகூட வாயைப் பொத்திக்கொண்டார். பின்பெஞ்சில் ஐயாசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"இது கோர்ட்டும்மா, பட்டிமன்றமில்ல," என்றார் நீதிபதி.

"மன்னிக்கோணுமுங்க ஐயா. சாட்சி நடுங்கறாருங்க. நடுங்கறவரு வாயில உண்மை வராதுங்க."

சசிதருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நல்ல குடும்பத்துப் பொண்ணு, பேச்சிலேயே தெரிகிறதே! பயம் போன இடம் தெரியவில்லை.

"செரி, எங்கூட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டா என்னுங்க பண்ணுவீங்க? எங்ககிட்டயும் கக்கூஸ் ரிப்பேருன்னு சொல்லிப்போடுவீங்களா?"

சசிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உங்களுக்கு இல்லாததுங்களா மேடம்! நம்மாளுக கேட்டா எந்த ரிப்பேரையும் நிறுத்திப்போடமாட்டமுங்களா?"

சொல்லி முடித்தும் சிரித்துக்கொண்டே இருந்தார். வேறு யாருமே சிரிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் தரப்பு வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சாட்சி சொன்னதை ஒரு வார்த்தை விடாம பதிவு பண்ணுங்க," என்றார் நீதிபதி.

கூண்டை விட்டு இறங்கும்போது சசிதர் கிருபாவின் பக்கம் திரும்பினார்.

"நம்மூட்டுப் புள்ளையாட்டச் சிரிச்சுப் பேசி, இப்படிச் செஞ்சுபோட்டீங்களே அம்மணி. அவியளுக்காக நீங்க ஏனுங்க இத்தன பாடுபடறீங்க?"

கிருபா குரலைத் தாழ்த்தவில்லை. கோர்ட் முழுக்கக் கேட்கும்படியே சொன்னாள்:

"நீங்க திருப்பி அனுப்புனது எங்கப்பாவைங்க. கல்யாணப் பொண்ணு நாந்தானுங்க!"